எச்சில் குழாயும் என் உழுந்து வடையும்

எனக்கு எண்பத்தொரு வயது. வளர்த்தது ஐந்து பிள்ளைகள்; மூன்று பெண், இரண்டு ஆண். மூன்றாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஆனாலும் கோயில் அறிவித்தலையும் மரண அறிவித்தலையும் ஒருவர் துணையில்லாமல் வாசிப்பேன். எழுதுவதுதான் மெல்ல வரும். எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன். அவசரப்படுகிறவர்கள் வேறு யாருடைய பயணத்தையாவது வாசிக்கட்டும்.

டென்மார்க்குக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. என்னுடைய அவர் போன பிறகு, தனியே இருக்க வேண்டாம், கொஞ்ச நாள் வந்து நில்லுங்கோ என்று இரண்டு ஆண்பிள்ளைகளும் தொலைபேசியில் ஓயாமல் நச்சரித்தார்கள். சின்னவன் குகன் கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிறான். பெரியவன் தேவன் இக்காஸ்டில். அது கடல் தாண்டிப் போகவேண்டிய தூரம்.

குகன் வீட்டில் வந்து இறங்கிய நாளில் முதலில் பயமுறுத்தியது இருட்டு. மத்தியானச் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைக்குமுன் விளக்கேற்ற வேண்டியிருந்தது. அடுத்த பயம் சத்தமின்மை. எங்கள் ஊரில் நாய் குரைக்கும், ஒலிபெருக்கி பாடும், பக்கத்து வீட்டில் புருஷனும் பெண்சாதியும் பிடுங்குப்படுவார்கள். இங்கே ஒரு வரிசை வீடுகள். உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு சத்தமும் இல்லை. செத்த வீட்டில்கூட இதைவிடக் கதைபேச்சு இருக்கும்.

குகனுடைய பெண்சாதி, என் மருமகள் சாந்தினிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. கறுத்த பாண் ஒன்றை வெட்டி வைத்துவிட்டுப் போனாள். ரூப்ரோ என்று பெயர். கடித்தேன். கட்டுப்பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பேத்தி நிலானி, குகனுடைய ஒரே மகள், விழுந்து விழுந்து சிரித்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். "அப்பம்மா" என்று அவள் கூப்பிடுகிறபோது டென்மார்க் மண்ணிலும் அது சரியாகவே இருக்கிறது. இந்த ஆட்களும் தகப்பனின் தாயை ஃபார்மோ என்று தனியாகப் பிரித்துத்தான் கூப்பிடுகிறார்களாம். அதைக் கேட்டபோது சந்தோஷமாக இருந்தது. மறுநாள் அந்தச் சொல்லே என்னைக் குத்தியது.

மறுநாள் தேவன் என்னைப் பார்க்க வந்தான். கட்டிப்பிடித்து அழுதான். பிறகு பையிலிருந்து இரண்டு சின்னப் பெட்டி எடுத்து மேசையில் வைத்தான். உள்ளே விரலளவு குழாய்கள்.

"உதென்ன, மருந்தோ?" என்று கேட்டேன்.

"இல்லையம்மா. இதுக்குள்ளை துப்பி அனுப்பினால் எங்கட தகப்பன் வழி எங்கையிருந்து வந்ததெண்டு சொல்லுவாங்கள். தகப்பனிட்டையிருந்து மகனுக்கு, மகனிட்டையிருந்து பேரனுக்கு மாறாமல் ஒரு அடையாளம் வருமாம். எல்லாம் உங்கட பேத்தி சொன்னதுதான்."

நிலானி படிக்கிற இடத்தில் பழைய எலும்புகளை ஆராய்கிறார்கள். இப்போது அவள் வாசிப்பது மொங்கோலியரின் பெரிய கானைப் பற்றி. அவன், அவனுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று அரைவாசி உலகத்தை ஆண்டவர்கள். இன்றைக்கும் ஆசியாவில் கணக்கில்லாத ஆண்கள் ஒரே தகப்பன் வழியைச் சுமக்கிறார்கள், அது அந்தக் குடும்பத்திலிருந்து பரவியதோ என்று ஆராய்ச்சிக்காரர் வாதாடுகிறார்களாம். இதைக் கேட்ட நாளிலிருந்து தேவனுக்கு நித்திரை இல்லை. என் புருஷனுடைய பாட்டனாரின் பாட்டனார் வெள்ளைக்காரனிடம் முதலியார் பட்டம் வாங்கியவர். தேவனுக்கு அதுதான் முடி, செங்கோல் எல்லாம்.

"ஆர் கண்டது, நாங்களும் ஏதோ ராசகுலமாயிருப்பம்" என்றான்.

குகன் சிரித்தான். "அண்ணை, நீ இக்காஸ்டிலை தையல் பக்டரியிலை ராசாவாத்தானே இருந்தனி."

"நக்கலடியாதை. ஒருத்தன் துப்பினால் பிழை வரலாம். ரெண்டு பேரும் துப்பினால் ஒண்டோடொண்டு ஒத்துப்பாத்து உறுதிப்படுத்தலாம்."

ஒத்துப் பார்ப்பது. அந்தச் சொல்லில் என் கால் குளிர்ந்துவிட்டது. வீட்டுக்குள் சூடு இருந்தது. ஆனாலும் குளிர்ந்தது.

இனி மறைத்து எழுதுவதில் பயனில்லை. நான் வளர்த்தது ஐந்து. பெற்று வளர்த்தது நாலு.

அவர் தெற்கே கடை வைத்திருந்த காலம். தேவனும் பெண்பிள்ளைகளும் ஊரில் என் தாயுடன் நின்று படித்தார்கள். கலவரம் வந்து கடையை எரித்தார்கள். நிறைமாத வயிற்றோடு அகதி முகாமுக்கு ஓடினேன். அங்கே ஒரு பாயில் எனக்குப் பிள்ளை பிறந்தது. அழவில்லை. பக்கத்துப் பாயில் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓடிவந்த ஒரு பெண். புருஷனை வழியிலேயே கொன்றுவிட்டார்களாம். அவளுக்கும் அன்றைக்குத்தான் பிறந்தது. அவளுடைய பிள்ளை அழுதது. அவள் விடியுமுன் கண்ணை மூடிவிட்டாள். எனக்குப் பால் கட்டி நெஞ்சு வெடித்தது. அந்தப் பிள்ளை பசியில் கத்தியது. எடுத்து என் நெஞ்சிலே போட்டேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். "இவன் எங்கட மகன். இந்தக் கதை இந்தப் பாயோடை நிக்கட்டும்" என்றார். நின்றது. குகன் இன்று நாற்பது தாண்டிய ஆள்.

எங்களில் தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பான், தாய்க்கு இளைய மகன். அவருக்குத் தேவன் வைத்தான். எனக்கு வைக்கவேண்டியவன் குகன். அவன் சின்னவனாக இருந்தபோதே சொல்லி வைத்திருக்கிறேன்: "எனக்குக் கொள்ளி நீதான்ரா." இந்தக் குழாய் வேறு கதை சொன்னால்? உரித்து இல்லாதவன் என்று தேவன் சொல்லுவான். எனக்கு அவனைத் தெரியும், நான் பெற்றவன். தோட்டத்துப் பிள்ளை என்று சொன்னாலும் சொல்லுவான். அதைக் கேட்கிறபோது குகனுடைய முகம் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்க என்னால் முடியவில்லை.

தேவன் அங்கேயே தன் குழாயில் துப்பினான். பெரிய கான் கூட அவ்வளவு பெருமையாகத் துப்பியிருக்கமாட்டான். "இனி நீ" என்று மற்றதைத் தம்பியிடம் நீட்டினான்.

"பொறுங்கோ பெரியப்பா" என்றாள் நிலானி. "சாப்பிட்டு, குடிச்சு அரை மணித்தியாலம் போகவேணும். இல்லாட்டி சரிவராது."

அதுதான் கடவுள் எனக்குத் திறந்த வாசல். அடுப்படியில் உழுந்து வடை சுட்டு வைத்திருந்தேன். ஒன்றை எடுத்துக் குகனுடைய வாயில் திணித்தேன்.

அரை மணித்தியாலம் போகுமுன் தேத்தண்ணி. அது முடியக் கொஞ்சம் புட்டு. தேவனுக்கு ரயில் நேரமாகிவிட்டது. "ரெண்டையும் ஒண்டாத்தான் அனுப்புவன். நாளைக்குத் துப்பி வை" என்று சொல்லித் தன் குழாயைப் பையில் போட்டுக்கொண்டு போனான். மற்றது குளிர்ப்பெட்டியின் மேலே ஏறி உட்கார்ந்தது.

அதன் பிறகு நான் டென்மார்க்கைப் பார்த்ததெல்லாம் அடுப்படி ஜன்னலால்தான். குகன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுமுன் கையில் ஏதாவது இருக்கும். ரொட்டி, கூழ், பயற்றம் பணியாரம். இரவு படுக்கப் போகும்போது பால். காலையில் பல் தீட்டியதும் கோப்பி. குழாயை அவன் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் என் கை தானாகக் கரண்டியைத் தேடும்.

"அம்மா, கிடாய் வளர்க்கிறமாதிரித் தீத்துறீங்கள். எப்ப வெட்டப்போறியள்?" என்றான்.

"வெளிநாட்டிலை காய்ஞ்சுபோனாய், ராசா."

"காய்ஞ்சோ! காற்சட்டை பூட்டேலாமல் கிடக்கு."

சாந்தினி என்னைக் கூர்ந்து பார்த்தாள்.

நிலானி ஒருநாள் என்னைக் கோப்பன்ஹேகனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ரயிலால் இறங்கி நாலடி வைக்கவில்லை, மணி கிணுகிணுத்தது. ஒரு சைக்கிள்காரன் என் சேலைத் தலைப்பை உரசிக்கொண்டு போனான். திரும்பிப் பார்த்துக் கத்தினான்.

"என்னவாம்?"

"இது சைக்கிள் பாதை, சாகப்போறீங்களோ எண்டு கேக்கிறார்."

"சாகிறதெண்டால் என்ர வீட்டிலை படுத்துச் சாவன், இவன்ர சைக்கிளுக்குக் கீழை இல்லையெண்டு சொல்லு." அவள் சொல்லவில்லை. அவன் அதற்குள் நாலு சந்தி தாண்டியிருப்பான்.

அவள் படிக்கிற இடத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். உள்ளே தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புப் போட்டவர்கள். கண் மட்டும் தெரிந்தது. ஒருத்தி மண்டையோட்டுத் துண்டொன்றைக் கையில் வைத்திருந்தாள். காதுக்குள் இருக்கிற எலும்பில் துளி தூள் எடுத்தால், அந்த ஆள் யாருடைய வழி என்று தெரிந்துவிடுமாம். எத்தனையோ நூறு வருஷமாக மண்ணுக்குள் கிடந்தவனையும் விடமாட்டார்கள். எரித்துச் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைக்கிற எங்கள் ஆட்கள் எவ்வளவு புத்திசாலிகள்! என்னுடைய அவரிடம் இனி ஒருவரும் ஒன்றும் கேட்க முடியாது. ஆனால் அவர் விட்டுப்போன வழி தேவனுடைய எச்சிலாக இக்காஸ்டில் ஒரு குழாய்க்குள் இருக்கிறதே.

வெளியே ஒரு மர வாங்கில் குந்தியிருந்து, கொண்டுபோன இடியப்பத்தைச் சாப்பிட்டோம். நிலானி தமிழும் டேனிஷுமாகக் கதை சொன்னாள். பெரிய கான் இளைஞனாக இருந்தபோது அவனுடைய பெண்சாதியை எதிரிகள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்டு வந்த கொஞ்சக் காலத்தில் மூத்த மகன் பிறந்தான்.

"அவரின்ர பிள்ளையோ, எதிரியின்ர பிள்ளையோ எண்டு அப்பவே கதை, அப்பம்மா. பேருக்கே விருந்தாளி எண்டுதான் கருத்தெண்டு சொல்லினம். வளந்தாப்பிறகு தம்பிக்காரன் தகப்பனுக்கு முன்னாலேயே அதைச் சொல்லி ஏசினவன்."

இடியப்பப் பெட்டியை மடியில் இறக்கி வைத்தேன். "தகப்பன் என்ன சொன்னவன்?"

"அவன் என்ர மூத்த மகன், இனிமேல் அப்பிடிக் கதையாதை எண்டு சொன்னவராம்."

"அது ஆம்பிளை!" என்றேன்.

"ஆனால் பட்டம் அவனுக்குக் கிடைக்கேல்லை. வேறை மகனுக்குத்தான் போனது. இவன்ர பிள்ளையள் மேற்குப் பக்கத்தைக் கனகாலம் ஆண்டவை. அவையின்ர ஆக்களின்ர எலும்பைத்தான் இப்ப பாக்கினம். பெரிய கானின்ர கல்லறை எங்கையெண்டே தெரியாது, அதாலை ஒத்துப்பாத்து முடிவாச் சொல்லேலாது."

"தாய்க்காரியைக் கேட்டிருக்கலாமே."

நிலானி என்னைப் பார்த்தாள். "அவவிட்டை ஒருத்தரும் கேட்டதா நான் வாசிச்ச இடத்திலை இல்லை, அப்பம்மா."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பெண்ணைத்தான் நினைத்தேன். குதிரை நாட்டில், கூடாரத்துக்குள், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, வெளியே ஆண்கள் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். புருஷன் எல்லார் முன்னாலும் சொல்லியும் அந்த மகனுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. என் புருஷன் சொன்னதோ ஒரு பாயோடு நின்ற சொல்.

சனிக்கிழமை குகனும் நானும் இக்காஸ்டுக்குப் புறப்பட்டோம். சாந்தினிக்கு வேலை, நிலானிக்குப் படிப்பு. குழாய் குகனுடைய பையில். என் மடியில் வடைப்பெட்டி. நாங்கள் ஏறிய பெட்டி, சத்தம் போடக்கூடாத பெட்டியாம். ஜன்னலில் வாயில் விரல் வைத்த படம் ஒட்டியிருந்தது. எங்கள் ரயிலில் கடலைக்காரனும் பாட்டுக்காரனும் இல்லாவிட்டால் அது ரயிலே இல்லை.

"வடை ஒண்டு தின், மோனை."

"வேண்டாம். அண்ணைக்குச் சொல்லிப்போட்டன், போன உடனே துப்பிப்போட்டுத்தான் சாப்பாடெண்டு. காலமை தொடக்கம் பச்சைத்தண்ணியும் குடிக்கேல்லை."

"பாதி தின்."

"வேண்டாமம்மா."

"வாசத்துக்காவது..."

"அம்மா!" என்றான் உரத்து. முன்னுக்கு இருந்த ஒரு பெண் திரும்பி அந்தப் படத்தைச் சுட்டிக் காட்டினாள்.

இனி என் கையில் சோறு இல்லை, சொல்தான் இருந்தது. ரயில் கடலுக்கு மேலே பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சாம்பல் தண்ணீர், கரை தெரியவில்லை. குகனுடைய காதோடு வாய் வைத்து, நாற்பது வருஷத்துக்கு மேல் வெளியே வராத கதையைக் குசுகுசுத்துச் சொன்னேன். முகாம், பாய், அழாத பிள்ளை, அழுத பிள்ளை எல்லாம் சொன்னேன். அந்தப் பெண் மறுபடி திரும்பிப் பார்த்தாள். என் முகத்தைக் கண்டுவிட்டுப் பேசாமல் திரும்பிக்கொண்டாள்.

குகன் தன் கைகளை உள்ளும் புறமும் பார்த்தான். எழும்பினான். கதவைத் திறந்துகொண்டு முன்பெட்டிகள் பக்கம் போய்விட்டான்.

வரவில்லை. பாலம் முடிந்தது, வயல்கள் வந்தன, ஊர்கள் வந்தன. வரவில்லை. ஒரு பெரிய நிலையத்தில் ரயில் நின்றது. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். ஆட்கள் அவசரமாகப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி முன்னுக்கு ஓடினார்கள். முன்னுக்கு இருந்தவர்கள் பின்னுக்கு ஓடிவந்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தொப்பி போட்ட ஒரு கிழவர் என் பக்கத்தில் குனிந்து ஏதோ கேட்டார். "இக்காஸ்ட்" என்றேன். எனக்குத் தெரிந்த டேனிஷ் அவ்வளவுதான். அவர் தலையாட்டி, இருங்கள் என்று கையைக் காட்டினார். பிறகு இரண்டு கையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தார், பிரித்தார், ஒரு கை ஒரு பக்கம், மற்றக் கை மறுபக்கம். ரயிலை வெட்டப்போகிறார்கள். முன்பாதி வேறு ஊருக்கு.

என் மகன் முன்பாதியில்.

எழும்பினேன். "குகன்!" என்று கத்தினேன், சத்தம் போடக்கூடாத பெட்டியில். ஷெல்லுக்கு நடுவில் ஓடியிருக்கிறேன். அப்போதுகூட இந்தப் பயம் இல்லை. அப்போது அவன் என் இடுப்பில் இருந்தான். இப்போது நானே அவனை இறக்கி விட்டுவிட்டேன். கதவுகள் பீப் பீப் என்று சத்தமிட்டன. ஜன்னலுக்கு வெளியே ஒருவன் மேடையில் ஓடி வந்தான். கோட்டு விரிந்து பறந்தது. மூடுகிற கதவுக்குள் தோளைக் கொடுத்து ஏறினான்.

வந்து எனக்கு முன்னால் இருந்தான். மூச்சு வாங்கியது. கண் சிவந்திருந்தது.

"எனக்குப் பசிக்குது" என்றான்.

பெட்டியைத் திறந்தேன். மூடி கையிலிருந்து விழுந்து உருண்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தின்றான். தின்றுகொண்டே கேட்டான்: "அவவின்ர பேர் என்ன?"

"கேக்க நேரம் கிடைக்கேல்லை, ராசா. தண்ணி கேட்டவள், குடுத்தனான். உன்ர நெத்திதான் அவளுக்கு."

நெற்றியைத் தடவிப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "சொல்லுறதெண்டால் நீங்கள் சொல்லுங்கோ, அம்மா. உந்தக் குழாய் சொல்லக்கூடாது."

இக்காஸ்ட் நிலையத்தில் தேவன் காத்து நின்றான். கட்டிப்பிடிக்குமுன் கேட்டான்: "துப்புவமோ?"

"சாப்பிட்டிட்டன், அண்ணை."

"என்னத்தை?"

"அம்மாட வடையை."

தேவன் தலையில் கை வைத்தான். "முதலியார் பரம்பரையிலை ஒருத்தனுக்கு அரை மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டிருக்க ஏலாதோ!"

அங்கே நின்ற இரண்டு நாளும் குகன் தின்றுகொண்டே இருந்தான். இப்போது நான் தீத்தவில்லை, தானாகவே எடுத்தான். எனக்கு ஒரு வாயும் இறங்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் தேவன், அண்மையில் அங்கே செத்துப்போன ஒரு தமிழரைப் பற்றிக் கதைத்தான். பிள்ளையில்லாத மனுஷன். கூட வேலை செய்த சிநேகிதன்தான் எல்லாக் கிரியையும் செய்தானாம்.

"ரத்த உரித்து இல்லாதவன் கொள்ளி வைக்கிறதோ? ஊரிலை நடக்குமோ உது?" என்றான் தேவன்.

குகனுடைய கை கோப்பையில் நின்றது. எடுத்த கவளத்தைத் திரும்ப வைத்தான். நான் பெற்ற மகன் சிரித்துக்கொண்டு கறி பரிமாறினான். அவன் கெட்டவன் இல்லை. தெரியாதவன். அதுதான் எனக்கு இன்னும் பயம்.

புறப்படும்போது தேவன் சொன்னான்: "வாற ஞாயிற்றுக்கிழமை நானே வாறன். ஒருத்தரும் அடுப்பு மூட்டக்கூடாது."

அல்பர்ட்ஸ்லுண்டுக்குத் திரும்பியதும் நிலானியிடம் பேனையும் தாளும் கேட்டு வாங்கினேன். பயணம் எழுதப்போறியளோ, அப்பம்மா என்று கேட்டாள். ஓம் என்றேன். ஒவ்வொரு பகலும் ஜன்னலோரம் இருந்து எழுதினேன். வாயால் சொல்ல வெளிக்கிட்டால் தேவன் இடையில் மறிப்பான். எழுத்தை மறிக்க முடியாது.

இன்று ஞாயிறு. தேவன் வந்திருக்கிறான். முன்னறையில் மேசையில் குழாயை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கை கட்டி இருக்கிறான். சாந்தினி அடுப்பு மூட்டவில்லை. நான் உழுந்தே ஊறப்போடவில்லை. சற்று முன் குகன் வந்து என் பக்கத்தில் நின்று, "இண்டைக்கு ஒண்டும் சாப்பிடேல்லை, அம்மா" என்றான். அவனுடைய கையைப் பிடித்தேன்.

அந்தக் குதிரை நாட்டுப் பெண்ணை ஒருவரும் கேட்கவில்லை. என்னையும் ஒருவரும் கேட்கவில்லை. கேளாமலே சொல்கிறேன். குகன் என்னுடைய இளைய மகன். எனக்குக் கொள்ளி வைக்கிறவன் அவன். தேவன், நீ என் மூத்தவன். தம்பிக்குப் பக்கத்தில் நீ நிற்கவேண்டும். இதற்குப் பிறகும் துப்பவேண்டும் என்றால் துப்புங்கள்.

நிலானி, இஞ்சை வா, பிள்ளை. இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு முன்னறையில் கொப்பர் குகனுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் இரு. முதலாம் வரியிலிருந்து வாசி. தடக்குப்பட்டால் நான் எழுத்துக் கூட்டித் தருகிறேன். உரத்து வாசி, எனக்கும் கேட்க வேண்டும்.